எட்டிப் பிடிக்கும் பிஞ்சுக் கை

நான்கு மாதக் குழந்தை பாயில் மல்லாந்து கிடக்கிறது. ஒரு சாண் உயரத்தில் கிலுகிலுப்பையைக் காட்டிப் பாருங்கள். கண் விரியும், கால் உதைக்கும், வாய் திறக்கும். அப்புறம்தான் கை புறப்படும். வளைந்து நெளிந்து, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து அள்ளும். பொருளைக் கையில் திணித்துவிடாமல் அந்தச் சில நொடி காத்திருங்கள்.

கண்ணும் கையும்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கையில் அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. இரு கண்ணும் சேர்ந்து தொலைவை மதிப்பிடும் திறன் நான்காம் மாதவாக்கில் வருகிறது. கை நீளுவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

குழந்தை தன் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்துகிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1993-ல் அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் கிளிஃப்டன் குழுவினர், இருட்டறையில் ஒளிரும் பொருளையும் ஒலிக்கும் பொருளையும் நீட்டினார்கள். தன் கை கண்ணுக்குத் தெரியாத அந்த இருட்டிலும் குழந்தைகள் எட்டிப் பிடித்தன. கை எங்கே இருக்கிறது என்பதைத் தோளும் மூட்டும் தசையும் உணர்த்திவிடுகின்றன.

அதனால்தான் சொல்கிறேன்: நகம் கீறுமென்று நாள் முழுக்கக் கையுறை மாட்டாதீர்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். விழித்திருக்கும் பிள்ளையைத் தூளியிலேயே போட்டு வைக்காமல் பாயில் விடுங்கள். பக்கத்தில் இருந்துகொண்டு, கொஞ்ச நேரம் குப்புறவும் போடுங்கள். கழுத்தும் முதுகும் உறுதிப்பட்டால்தான் கை குறி தவறாமல் போகும்.

தரையைப் பாருங்கள்

ஆறாம் மாதவாக்கில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து துணுக்கைக்கூடப் பொறுக்கும். எடுத்தது நேரே வாய்க்குத்தான் போகும். வேர்க்கடலை, புளியங்கொட்டை, எல்லாவற்றையும்விட ஆபத்தான பட்டன் பேட்டரி எதுவும் கைக்கெட்டக் கூடாது. பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

மருத்துவரிடம் எப்போது?

மூன்று மாதம் கடந்தும் முகம் பார்க்கவில்லை, எந்நேரமும் விரல் மடங்கியே இருக்கிறது, ஆறு மாதமாகியும் எதையும் எட்டவில்லை என்றால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டினால், 'இடதுகைப் பழக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். மறு கையில் பலவீனம் இருக்கலாம். கண்மணியில் வெண்மை தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். வெளிப்பார்வைக்குக் கண் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பி நாளைத் தள்ளாதீர்கள்.