மார்புக்குள் ஓர் ஏரியல்

எங்கள் தோட்டத்து லயத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய நெஞ்சில், தோலுக்கு அடியில், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். மருத்துவமனையில் ஒரு சிறு பெட்டியையும் கொடுத்து, படுக்கைக்கு அருகில் வைக்கச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளோ, கரண்டு பில் ஏறும் என்று அதை அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டார்கள். "நெஞ்சுக்கும் பெட்டிக்கும் நடுவில் கம்பியே இல்லையே, என்ன சம்பந்தம் வாத்தியாரையா?" என்று பாட்டி கேட்டார்.

சம்பந்தம் உண்டு. கருவி தன் செய்தியை வானொலி அலையாகப் பெட்டிக்கு அனுப்புகிறது. அலை புறப்பட ஏரியல் வேண்டுமல்லவா? முன்பு லயத்துக் கூரையிலிருந்து கம்பத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டினோமே, அதே வேலைதான்.

இத்தகைய கருவிகளுக்கென 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை அமெரிக்கா 1999இல் ஒதுக்கியது. காற்றில் அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். ஏரியல் அதில் கால் பங்கு இருந்தாலே 19 சென்டிமீட்டர் ஆகிவிடும். கருவியோ தீப்பெட்டியளவு!

இங்கே உடம்பே கைகொடுக்கிறது. வாய்க்கால் தண்ணீரில் முழங்காலளவு இறங்கி நடந்தால் நடை தளர்ந்து எட்டு குறுகுகிறது. தசையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதற்குள் அலையின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஏரியலைச் சுருளாகவோ வளைத்து வளைத்தோ மடித்தால் மேலும் இடம் மிச்சம்.

ஆனால் அதே உடம்பு கெடுக்கவும் செய்கிறது. உப்புநீர் கலந்த தசை அலையை விழுங்கிவிடும். ஆகவே ஏரியல் தசையில் நேராகப் படாதபடி உறையிடுகிறார்கள். உறை தடித்தால் அலை அவ்வளவு சுருங்காது. மெலிந்தால் இழப்பு கூடும். கருவியின் டைட்டானியக் கூடு அலையை மறைக்கும் என்பதால், இதயத்துக்குப் போகும் கம்பிகளைச் செருகும் பிளாஸ்டிக் தலைப்பகுதியில் ஏரியலை வைப்பதுண்டு.

இன்னொரு தொல்லை, கொழுப்பு. அதில் தண்ணீர் குறைவு. ஒல்லியானவருக்குப் பொருந்திய ஏரியல் பருத்தவருக்குள் சுருதி விலகும். எனவே கொஞ்சம் விலகினாலும் வேலை செய்யும்படி அகலமாக அமைக்கிறார்கள். சோதிப்பது எதில் தெரியுமா? தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்த கலவையில்! அளவாகக் கலந்தால் அது அலைக்குத் தசைபோலவே இருக்கும். கேட்டபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது.

வெளிவரும் சக்திக்கும் வரம்பு உண்டு: 25 மைக்ரோவாட். ஒரு வாட்டை நாற்பதாயிரம் கூறிட்டால் ஒரு கூறு. இது சில மீட்டர்தான் எட்டும். அதனால்தான் படுக்கையருகே வைக்கச் சொன்னார்கள். பெட்டியை அணைத்தாலும் பேஸ்மேக்கர் தன் வேலையை நிறுத்தாது; டாக்டருக்குச் செய்திதான் போகாது.

இப்போது பாட்டியின் கட்டிலருகே ஒரு முக்காலியில் பெட்டி இருக்கிறது. அதில் எரியும் சிறு விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடுகிறாராம்.