மூன்று கிலோவும் முந்நூறு கிராமும்

மூன்று கிலோ அரிசியைக் காலில் கட்டிக்கொண்டு நடக்க முடியுமா? பத்து அடி வைப்பதற்குள் கால் கடுத்துப் போகும். ஆனால் போலியோ வந்த குழந்தைகள் பலர் அப்படித்தான் நடந்தார்கள்.

போலியோவை இளம்பிள்ளை வாதம் என்றும் சொல்வோம். இது ஒரு கிருமியால் வரும் நோய். அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் கிருமி வயிற்றுக்குள் போகிறது. சில குழந்தைகளுக்கு அது தண்டுவடத்தில் உள்ள நரம்புகளைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் தசை வேலை செய்யாது. கால் சூம்பிப் போகும். நிற்கும்போது முழங்கால் மடங்கிவிடும்.

முழங்கால் மடங்காமல் இருக்க, காலின் இரு பக்கமும் உலோகக் கம்பி வைத்துத் தோல் வாரால் கட்டுவார்கள். இதன் பெயர் காலிப்பர்.

ஐதராபாத்தில் ஏவுகணை செய்யும் ஆய்வகம் இருக்கிறது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1982-இல் அதன் இயக்குநர் ஆனார். அங்கு உருவான அக்னி ஏவுகணை 1989 மே 22 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஏவுகணையின் எடை குறைந்தால்தான் அது வெகுதூரம் போகும். அதற்காக இலேசான, ஆனால் உறுதியான பொருள்களை அங்கு உருவாக்கினார்கள்.

ஒரு நாள் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அங்கு வந்தார். அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து வியந்தார். கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிப்பரை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் முந்நூறு கிராம் எடையில் புதிய காலிப்பர் தயாரானது. குழந்தைகள் எளிதாக நடந்தார்கள். பெற்றோர் கண் கலங்கினார்கள். கலாமே இதைப் பல மேடைகளில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

இது எப்படி வேலை செய்கிறது? நாம் தரையை மிதிக்கும்போது தரையும் நம்மை மேலே தள்ளுகிறது. புதிய காலிப்பரின் அடிப்பாகம் பாதத்தைத் தாங்குகிறது. மேல்பாகம் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாகப் பதிகிறது. தரை தள்ளும் விசை இதன் வழியாகப் போய் முழங்காலைப் பின்னே அழுத்துகிறது. அதனால் கால் மடங்குவதில்லை. தொடை வரை கம்பி தேவையில்லை.

இது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை வளர வளர அளவை மாற்ற வேண்டும். தோலில் புண் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாக 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்கு நோய் வந்தது. 2014-இல் நாடு போலியோ இல்லாத நாடு ஆனது. சொட்டு மருந்து செய்த வேலை இது. ஆனாலும் மூளை பாதிப்பால் நடக்க முடியாத குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கும் இத்தகைய காலிப்பர் உதவுகிறது.

உங்கள் தெருவில் நடக்கச் சிரமப்படும் குழந்தை உண்டா? தலைவிதி என்று வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இத்தகைய கருவிகள் வாங்க அரசு உதவி உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, அவ்வளவு நல்லது.