ஒரு காருக்கு ஏன் இரண்டு கிளட்ச்?

பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் அவருடைய இடது காலைக் கவனித்துப் பாருங்கள். கியரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் ஒரு மிதியை அழுத்துகிறது. அப்போது எஞ்சினின் உறுமல் தனியே கேட்கிறது. வண்டியின் இழுவை ஒரு கணம் நின்றுபோகிறது. நின்றுகொண்டிருக்கும் பயணிகள் முன்புறம் சாய்கிறார்கள். கால் மிதியை விட்டதும் பின்புறம் சாய்கிறார்கள். கியர் மாறும் அந்த ஒரு கணத்தில் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உறவே இல்லை.

இந்த உறவை வெட்டுவதும் ஒட்டுவதும் கிளட்சின் வேலை. அது மிக எளிய கருவி. எஞ்சினோடு சுழலும் இரும்புச் சக்கரம் ஒன்று. அதன் எதிரே கியர் பெட்டியின் தண்டில் மாட்டிய வட்டத் தகடு ஒன்று. தகட்டின் இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பதித்திருக்கும். ஒரு வில் அதைச் சக்கரத்தோடு அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுழலும். அழுத்தம் விலகினால் எஞ்சின் தனி, வண்டி தனி.

இழுவை அறுபடாமல் கியரை மாற்ற முடியாதா? பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது ஆள் நின்றபடி கோலை வாங்குவதில்லை. முதல் ஆள் நெருங்கும்போதே ஓடத் தொடங்கிவிடுகிறான், ஓடிக்கொண்டே வாங்குகிறான். கியர் பெட்டியிலும் இதைச் செய்யலாம் என்று 1939-ஆம் ஆண்டில் கருதினார் அடால்ப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ரஷ்யப் பேரரசரிடம் பணியாற்றி, பனியில் ஓடும் வண்டிகளை உருவாக்கியவர் அவர்.

தண்டுக்குள் தண்டு

அவருடைய எண்ணம் இதுதான்: ஒரு கிளட்சுக்குப் பதில் இரண்டு வைப்போம். ஒன்று 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களை இயக்கட்டும். மற்றது 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்களை இயக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனித் தண்டுகள் தேவை. ஒரு குழாய்த் தண்டுக்குள் மற்றொரு தண்டை நுழைத்துவிட்டால் இடமும் மிச்சம்.

நீங்கள் இரண்டாம் கியரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடுவதைக் கண்ட கணிப்பொறி மூன்றாம் கியரை முன்கூட்டியே சேர்த்து வைத்துவிடுகிறது. அதன் கிளட்ச் இன்னும் திறந்திருப்பதால் அந்தத் தண்டு சும்மா சுழல்கிறது. மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் பிடியைத் தளர்த்தத் தளர்த்த, மற்றது பிடியை இறுக்குகிறது. ஒரு நொடியின் நூறில் சில பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

இந்த அளவை மனிதக் காலால் அளந்து செய்ய இயலாது. இரண்டும் ஒரே சமயத்தில் தளர்ந்தால் இழுவை அறுந்துபோகும். இரண்டும் ஒரே சமயத்தில் இறுகினால், ஒரே சக்கரத்தை இருவேறு வேகங்களில் சுழற்ற முயல்வதாகும். கியர் பெட்டி பூட்டிக்கொள்ளும். ஆகவே மின்னணுக் கட்டுப்பாடு வளரும் வரை இந்த எண்ணம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1980-களில் போர்ஷே நிறுவனம் பந்தயக் கார்களில் இதைச் சோதித்தது. 2003-இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் காரில் இதைப் பொதுமக்களுக்குத் தந்தது.

பிடியின் கணக்கு

ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும்? உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் விடை வரும்.

உலர்ந்த தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகங்கள் 2, குணகம் 0.3, விசை 5,000 நியூட்டன், ஆரம் 0.1 மீட்டர். பெருக்கினால் 300 நியூட்டன் மீட்டர். ஒரு நடுத்தரக் காருக்கு இது போதும்.

இப்போது தகடுகளின் இடையே எண்ணெயைப் பாய்ச்சுவோம். வழுக்கும் அல்லவா? குணகம் 0.12 அளவுக்குக் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட முகங்களைக் கூட்ட வேண்டும். பல மெல்லிய தகடுகளை அடுக்கி 8 முகங்கள் அமைத்தால், 0.08 மீட்டர் ஆரமும் 4,000 நியூட்டன் விசையும் கொண்டே 307 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. முதலில் வந்த ஆறு கியர்ப் பெட்டி இந்த எண்ணெய் வகையைச் சேர்ந்தது. 350 நியூட்டன் மீட்டர் வரை தாங்கியது. 2008-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ஏழு கியர்ப் பெட்டி உலர் வகை. அதன் எல்லை 250.

பிடி குறைகிறது என்று தெரிந்தும் எண்ணெயை ஏன் ஊற்றுகிறார்கள்? வெப்பத்தைக் கொண்டுபோகத்தான்.

வெப்பம் என்னும் எதிரி

நின்ற கார் புறப்படும்போது எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழல்கிறது; மறுபக்கத் தண்டோ சுழியத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டும் ஒன்றாகும் வரை தகடுகள் உரசியே ஆக வேண்டும். இருபுறமும் முறுக்கு விசை ஒன்றுதான். ஆனால் தண்டின் சராசரி வேகம் எஞ்சின் வேகத்தில் பாதி. ஆகவே எஞ்சின் செய்த வேலையில் பாதி காரை நகர்த்துகிறது. மறுபாதி கிளட்சில் வெப்பமாகிறது. கார் பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு வெப்பம்.

1,400 கிலோ எடையுள்ள கார், முதல் கியரில் நொடிக்கு 3.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 8,000 ஜூல். அதே 8,000 ஜூல் வெப்பம் 3 கிலோ இரும்புத் தகட்டில் இறங்கினால் அதன் வெப்பநிலை ஐந்து டிகிரி ஏறும். இது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் நெரிசலில் ஆறுவதற்கு நேரமில்லாமல் ஐம்பது முறை நின்று புறப்பட்டால் என்னவாகும் என்று நீங்களே கணக்கிடுங்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் கார் நிற்கிறது. ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி, வண்டி பின்னால் உருளாதபடி பிடித்து வைக்கிறார். புவியீர்ப்பு காரைக் கீழே இழுக்கும் விசை சுமார் 1,370 நியூட்டன். சக்கரத்தின் ஆரமும் கியர் விகிதமும் கொண்டு பார்த்தால் கிளட்ச் தாங்க வேண்டியது 30 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் எஞ்சின் 1,000 சுற்றில் ஓட, தண்டு அசையாமல் நிற்கிறது. விளைவு 3 கிலோவாட் வெப்பம்! மூன்று பெரிய மின்சார இஸ்திரிப் பெட்டிகளைக் கிளட்சுக்குள் வைத்ததற்குச் சமம். அந்த 3 கிலோ தகடு நொடிக்கு இரண்டு டிகிரி, ஒரு நிமிடத்தில் 120 டிகிரி சூடேறும். கார் ஒரு அங்குலமும் நகரவில்லை. தேய்ந்தது கிளட்ச் மட்டும்.

எண்ணெய் வகையில் இந்த வெப்பத்தை எண்ணெய் ஏந்திச் சென்று குளிர்விப்பானில் விட்டுவிடும். உலர் வகையில் இரும்பும் காற்றும்தான் துணை. ஆனால் எண்ணெயைச் சுற்றவைக்க எஞ்சின் ஆற்றல் செலவாகிறது. திறந்திருக்கும் தகடுகளையும் எண்ணெய் இழுக்கிறது. எனவே சிறிய எஞ்சினுக்குச் சிக்கனமான உலர் வகை, பெரிய எஞ்சினுக்கு எண்ணெய் வகை என்பது பொது வழக்கமாயிற்று.

வடிவமைப்பாளரின் முன்யோசனை

எண்ணெய் வகையில் இரு தகட்டு அடுக்குகளும் ஒன்றனுள் ஒன்றாக அமைவதுண்டு. அப்படியானால் எது வெளியே? வண்டியைப் புறப்படச் செய்யும் முதல் கியரின் கிளட்ச்தான். அதிக வெப்பம் அதற்குத்தான். வெளிவட்டத்தில் பரப்பும் அதிகம்.

வாளி நீரைச் சுழற்றினால் நீர் ஓரத்திற்கு ஏறுவதை அறிவீர்கள். அதேபோல, சுழலும் கிளட்சுக்குள் உள்ள எண்ணெயும் வெளிநோக்கி ஒதுங்கி, யாரும் கட்டளையிடாமலே பிஸ்டனை அழுத்தப் பார்க்கும். இதைத் தடுக்கப் பிஸ்டனின் மறுபுறத்திலும் எண்ணெய் நிறைந்த ஓர் அறை வைக்கிறார்கள். இரு அழுத்தங்களும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன.

இன்னொன்று: சாதாரணக் காரில் கிளட்ச் எப்போதும் மூடியிருக்கும், கால் அழுத்தினால் திறக்கும். மேலே சொன்ன ஏழு கியர் உலர் வகையில் இது தலைகீழ். இரண்டு கிளட்சுகளும் இயல்பாகத் திறந்தே இருக்கும், அழுத்தினால்தான் மூடும். ஏன் தெரியுமா? கட்டுப்பாடு திடீரென்று செயலிழந்தால் இரண்டும் மூடிக்கொண்டு பெட்டி பூட்டிவிடக் கூடாது. பழுதானாலும் வண்டி சக்கரம் இறுகாமல் உருண்டு நிற்க வேண்டும்.

இத்தகைய கார் உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருந்தால் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை மிதியுங்கள், ஆக்ஸிலரேட்டரால் தாங்காதீர்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராமல், சற்று இடம் விட்டு, பிறகு சேர்ந்தாற்போல் நகருங்கள். முதல் கியரில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்தால் கிளட்ச் உரசிக்கொண்டேதான் இருக்கும். இடது காலுக்கு மிதி இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஒன்றுக்கு இரண்டாக இருக்கின்றன!