உடைந்த கணுக்கால்... 40 வயது வரை ஆட்டம்!

"சுளுக்குதானே டாக்டர்... நீவி விட்டா சரியாப் போயிடும்!"

நொண்டிக்கொண்டே வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். மீதி நேரத்தில்தான் வம்பு! 'சுளுக்கு' என்று தொடங்கிய ஒரு கணுக்கால் வலி, உலகப் புகழ் பெற்ற ஒரு விளையாட்டு வீரருடைய வாழ்க்கையில் நாலு வருடத்தை எப்படி விழுங்கியது, அதற்குப் பிறகு அவர் எப்படித் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு 40 வயது வரை தாக்குப்பிடித்தார் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் கிராண்ட் ஹில். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 1994-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் சேர்ந்தார். சேர்ந்த முதல் சீசனிலேயே, ஆல்-ஸ்டார் போட்டிக்கு ரசிகர்கள் போட்ட ஓட்டில் அவருக்குத்தான் முதலிடம். புதிதாக வந்த ஒரு பையனுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கிய அணியிலும் இருந்தார்.

அவருடைய பலம் எது தெரியுமா? முதல் அடி! பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். இடது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, ஒரே வெட்டில் வலது பக்கம் பாய்ந்துவிடுவார். எதிராளி திரும்புவதற்குள் பத்தடி உயரத்தில் இருக்கிற கூடைக்கு மேலே கை போயிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் வைத்தியன் கண்ணால் பாருங்கள். அப்படி வெட்டித் திரும்பும்போதும், எம்பிக் குதித்துத் தரையிறங்கும்போதும், உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் கணுக்கால் என்கிற அந்தச் சின்ன இடத்தில் வந்து இறங்குகிறது. ஒரு தடவை இல்லை... ஓர் ஆட்டத்துக்கு எத்தனையோ தடவை. ஒரு சீசனுக்கு 82 ஆட்டம்!

2000 ஏப்ரல். முக்கியமான பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. இடது கணுக்கால் மடங்கியது. அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 25.8 பாயின்ட் எடுத்திருந்தவர். அணியே அவரை நம்பி இருந்தது. வலியோடு ஆடினார். மயாமி அணிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 27.

அதே வருடம் ஒர்லாண்டோ மேஜிக் அணி, ஏழு வருடத்துக்கு 9 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. முதல் சீசனில் 4 ஆட்டம். அடுத்ததில் 14. அதற்கடுத்ததில் 29. நாலாவது சீசனில் பூஜ்யம்! ஆக, நாலு சீசனில் 328 ஆட்டங்களுக்கு 47 மட்டும். ஆட வருவார், வலிக்கும், மறுபடியும் ஆபரேஷன்... இப்படியே போயிற்று.

ஏன் ஆறவில்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். முறிந்த எலும்பு கூடுவது ஒன்று. நேராகக் கூடிப் பாரத்தைச் சரியாகத் தாங்குவது இன்னொன்று. கதவுக்கீல் அரை அங்குலம் விலகியிருந்தால் என்ன ஆகும்? கதவு திறக்கும், மூடும். ஆனால் தினமும் ஒரே இடத்தில் உரசி, அந்த இடம் தேய்ந்துகொண்டே வரும். கணுக்காலும் அப்படித்தான். எங்கள் சித்த நூல்களில் உடல் தாதுக்கள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு... இவற்றைத் தாண்டி ஐந்தாவதாக வருவது என்பு, அதாவது எலும்பு. சாப்பிடுகிற சத்து அதுவரை போய்ச் சேர நாளாகும் என்று சொல்வோம். அவசரப்பட்டால் எலும்பு கேட்காது.

கடைசியில் 2003 மார்ச்சில் ஒரு பெரிய ஆபரேஷன். கணுக்காலை மறுபடியும் முறித்து, மேலே உள்ள கால் எலும்புக்கு நேராக வரும்படி பொருத்தினார்கள். ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெயையும் கட்டையும் நம்பித் தொழில் செய்கிறவன். ஆனால் கோணலாக நின்ற அந்த எலும்பை எந்தத் தைலமும் நேராக்கியிருக்காது. அது கத்தி வேலை; கத்தி பிடிக்கிறவர்தான் செய்ய வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள், 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஒரு கிருமி புண்ணில் புகுந்திருந்தது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம்! அதற்குப் பிறகு ஆறு மாதம் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆபரேஷனாக இருந்தாலும், வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து சுட்டாலோ, நீர் கசிந்தாலோ, "அலைச்சல் சூடு... கஷாயம் வெச்சுக் குடுப்போம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓடுங்கள்.

2004-05 சீசனில் ஹில் திரும்பி வந்தார். 67 ஆட்டம் ஆடினார், சராசரி 19.7 பாயின்ட். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த சீசனில் தொடை இடுக்கில் தசைக் கிழிசல். மறுபடியும் 21 ஆட்டத்தோடு சரி. ஒரு மூட்டு அடிபட்டால் மற்ற இடங்கள் அதன் பாரத்தைச் சுமக்கப் பார்க்கும் என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதி. கணுக்கால் வலிக்காரர் ஒரு வருடம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்!

ஆட்டத்தை மாற்றினார்

2007-ல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குப் போனார். 35 வயதை எட்டும் நேரம். கூடைப்பந்தில் அது பலர் வீட்டில் உட்காருகிற வயது. இங்கேதான் கதை மாறுகிறது.

டெட்ராய்டில் அவர்தான் ராஜா. பந்து அவர் கையில்தான் இருக்கும். ஃபீனிக்ஸில் பந்து ஸ்டீவ் நேஷ் என்பவர் கையில். (நேஷுக்கு முதுகுத் தண்டில் கோளாறு. ஓய்வு நேரத்தில் நாற்காலியில் உட்காராமல் மைதானத்து ஓரத்தில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார்! உடம்பை அறிந்து நடந்துகொள்கிறவர்கள் சேர்ந்த இடம்தான் அது.) ஹில் என்ன செய்தார்? பாய்ந்து வெட்டுவதைக் குறைத்தார். முன்கூட்டியே ஓடிப்போய், காலியாக இருக்கிற மூலையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். நேஷ் பந்தைப் போடுவார். இவர் அங்கிருந்தே எறிவார்.

தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று பாயின்ட். டெட்ராய்டில் இவர் அந்த எறிவை அதிகம் சீண்டியதே இல்லை. தேவை இருக்கவில்லை, கால் இருந்தது! 35 வயதுக்கு மேல் அதைப் பாடம் படிப்பதுபோல் பழகினார். 2009-10 சீசனில் அவருடைய மூன்று பாயின்ட் எறிவுகளில் 43.8 சதவீதம் கூடையில் விழுந்தன. நூற்றுக்கு 40 விழுந்தாலே நல்ல கை என்று சொல்கிற ஆட்டம் அது.

இன்னொரு மாற்றம் இன்னும் பெரிது. எதிரணியில் யார் அபாயகரமானவரோ அவரைத் தடுக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். தடுப்பதற்கும் கால் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அவன் எங்கே போகப்போகிறான் என்று முன்பே தெரிந்தால், அங்கே நாலு அடி நடந்து போய் நின்றால் போதும். பதினைந்து வருடம் தானே அந்த வேலையைச் செய்தவருக்குத் தெரியாதா? 2010 பிளேஆஃபில் போர்ட்லாந்து அணியின் ஆண்ட்ரே மில்லர் முதல் ஆட்டத்திலேயே 31 பாயின்ட் எடுத்து ஃபீனிக்ஸைக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு மில்லருக்கு எதிரே ஹில்லை நிறுத்தினார்கள். தொடர் 4-2 என்று ஃபீனிக்ஸ் பக்கம் வந்தது. ஹில் தன் வாழ்க்கையில் பிளேஆஃபின் முதல் சுற்றைத் தாண்டியது அப்போதுதான்! இளம் புலியாக இருந்த காலத்தில் கிடைக்காதது, 37 வயதில் கிடைத்தது.

ஃபீனிக்ஸ் அணியின் உடற்பயிற்சிக் குழுவுக்கும் இதில் பங்கு உண்டு. வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காமல், பாதம் எப்படித் தரையில் படுகிறது, இடுப்பு எவ்வளவு மடங்குகிறது என்று ஆள் முழுவதையும் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு. படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. தொக்கணம் செய்ய உட்காரும்போது எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தானே!

பலன்? 2008-09 சீசனில் 82 ஆட்டங்களையும் ஆடினார். டெட்ராய்டில் இளமை முறுக்கோடு இருந்தபோதுகூட ஒரு தடவையும் முழு 82 ஆடியதில்லை! அடுத்த வருடம் 81. அதற்கடுத்த வருடம், 38 வயதில், 80. டெட்ராய்டில் ஆட்டத்துக்கு 21 பாயின்டுக்கு மேல் எடுத்தவர், இங்கே 12, 13 என்று எடுத்தார். அந்தக் குறைவை அவர் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. நினைத்திருந்தால் 2007-லேயே வீட்டுக்குப் போயிருப்பார். 2013-ல், 40 வயதில் ஓய்வு பெற்றார். 2018-ல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது.

சரி, நம்ம கணுக்காலுக்கு வருவோம்

ஷட்டில் ஆடுகிற நடுத்தர வயதுக்காரர்கள் அடிபட்டு ஆறியதும் "பழைய ஃபார்முக்கு வரணும் டாக்டர்" என்பார்கள். பழைய ஃபார்ம் வேண்டாம், புது ஃபார்ம் வேண்டும் என்பேன். சிங்கிள்ஸை விட்டு டபுள்ஸ் ஆடுங்கள். எகிறி அடிப்பதை விட்டு, பந்தை எங்கே வைப்பது என்று பழகுங்கள். இதற்கு நேர்மாறாக, ஒரு தடவை கால் மடங்கிவிட்டதென்று படியேறுவதையே விட்டுவிடுகிற அம்மாக்களும் உண்டு. உபயோகிக்காத கால் சீக்கிரம் மெலியும். மெலிந்த கால் மறுபடியும் மடங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாக ஏறுங்கள். விட்டுவிட மட்டும் செய்யாதீர்கள்.

கால் மடங்கிய அன்றைக்கு என்ன செய்வது? அடிபட்டவுடன் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிற முட்டியின் பின் ஓரத்தை அழுத்தினால் எலும்பிலேயே வலித்தாலோ, முதலில் எக்ஸ்ரே. அப்புறம்தான் மற்றதெல்லாம். சுளுக்குதான் என்று உறுதியானால், முதல் இரண்டு மூன்று நாள் நீவவே கூடாது! உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தக் கசிவு இருக்கும். நீவினால் வீக்கம் கூடும். காலை உயரமாக வைத்து, துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு வையுங்கள். அளவாக ஒரு கட்டுப் போடுங்கள். வீக்கம் வடியத் தொடங்கியதும் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிய பற்று, நொச்சி இலை ஒத்தடம், இளஞ்சூட்டில் காயத்திருமேனித் தைலம் என்று போகலாம். எலும்பு முறிந்திருந்தால் அது கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்ன பிறகே தொக்கணம்.

வலி போனதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்கிற தப்பு. கணுக்காலைச் சுற்றி இருக்கிற தசைநார்கள், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை. அவை ஒரு தடவை இழுபட்டால் அந்தச் சேதி சரியாகப் போவதில்லை. மறுபடி மறுபடி அதே கால் மடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காலையில் பல் விளக்கும்போது சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நில்லுங்கள். கால் மாற்றி இன்னொரு அரை நிமிஷம். பழகிய பிறகு கையை எடுத்துவிடலாம். அப்புறம் இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி இறக்குவது, பத்துப் பத்தாக. ஈரத் தரையில் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முறிவுகூட வலிக்காது. வலி இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சுடு ஒத்தடமும் அவர்களுக்கு வேண்டாம். சூடு தெரியாமலே தோல் வெந்துபோகும்.