வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வாரத் திட்டம்

பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாடெங்கும் இருக்கின்றனர். விளையாட்டுப் பயிற்சிக்காகப் பள்ளியை விட்டவர்கள், உடல்நலக் குறைவால் விட்டவர்கள், பெற்றோரின் பணியிட மாற்றத்தால் பயிற்றுமொழி மாறித் தடுமாறியவர்கள், பள்ளி ஒத்துவராமல் பெற்றோரே எடுத்த முடிவால் வீட்டில் இருப்பவர்கள் என அவர்களுள் பல வகையினர் உண்டு. பணியிட மாற்றத்தின் தொல்லையை வங்கி ஊழியர் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வீடுகளில் பாடத்தின் கடினத்தைவிடப் பெரிய இடர் வாரத்தின் ஒழுங்கு. பள்ளி என்பது பாடம் நடத்தும் இடம் மட்டுமன்று. மணியடித்து, கால அட்டவணை வகுத்து, தேர்வு நாளை நினைவூட்டும் ஏற்பாடும் ஆகும். அந்த ஏற்பாடு நீங்கியதும் அதன் பொறுப்பு முழுவதும் தாயின் நினைவாற்றலின் மேல் விழுகிறது. ‘படித்தாயா’ என்ற கேள்வியும் ‘படித்துவிட்டேன்’ என்ற விடையும் நாள்தோறும் மோதிக்கொள்கின்றன. இரண்டுக்கும் சான்று இல்லை. இந்த இடத்தில்தான் திட்டமிடும் மென்பொருள் பயன்படுகிறது. அதை எவ்வாறு அமைப்பது, எங்கே அது பிசகும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் சட்டநிலை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைக் குறித்தது. பதினான்கு வயது நிறைந்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு நிலைக்கு நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற பெயரில் தொடங்கி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்ற நடுவண் அரசு நிறுவனம் அது. ஆந்திரத்தில் மாநில அரசின் திறந்தநிலைப் பள்ளிச் சங்கமும் உண்டு. தேசிய நிறுவனத்தின் விதிகளுள் திட்டமிடலுக்கு வேண்டியவை நான்கு. தேர்ச்சிச் சான்றிதழுக்கு ஐந்து பாடங்கள் தேவை. பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள் கிடைக்கும். பொதுத் தேர்வு ஏப்ரல்-மே மாதங்களில் ஒருமுறையும் அக்டோபர்-நவம்பர் மாதங்களில் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். ஐந்து பாடங்களையும் ஒரே தேர்வில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்கும்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். ஊர், சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம். ‘வெதுரு’ என்பது தெலுங்கில் மூங்கில். வீட்டில் பேசுவது தமிழ்; தெருவிலும் பேருந்துப் பலகையிலும் தெலுங்கு; கணக்குப் புத்தகம் ஆங்கிலம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோதும், 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் எல்லைக்கோடு நகர்ந்தது; குடும்பங்கள் இருபுறமும் நின்றுவிட்டன. இவ்வீட்டின் பதினைந்து வயதுப் பெண் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தையும் எடுத்திருக்கிறாள் என்று கொள்வோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 28 இயல்கள் என்று வைத்தால் ஐந்து பாடங்களுக்கு 140 இயல்கள். சூலை நடுவில் தொடங்கிப் பிப்ரவரி இறுதிவரை 32 வாரங்கள் உள்ளன. தசரா, தீபாவளி, சங்கராந்தி ஆகியவற்றுக்கு மூன்று வாரங்களும், காய்ச்சல், திருமணம் போன்றவற்றுக்கு ஒரு வாரமும், இறுதித் திருப்புதலுக்கு நான்கு வாரங்களும் கழித்தால் மிஞ்சுவன 24. அதாவது வாரத்துக்கு ஆறு இயல்கள். ஓர் இயலுக்குப் பயிற்சியும் சேர்த்து மூன்று மணி நேரம் எனில் வாரம் 18 மணி. வாரத்தில் ஐந்து நாள் படித்தால் நாளொன்றுக்கு மூன்றரை மணிக்குச் சற்று மேல். வயலும் தோப்பும் உள்ள வீடாயின் இன்னும் கழிக்க வேண்டியிருக்கும். தோத்தாபுரி மாங்காய் ஆலைக்குப் போகும் சூன், சூலை நாள்களிலும், கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சும் பனிக்கால நாள்களிலும் வீட்டில் யாரும் ஓய்வாக இருப்பதில்லை.

இந்தக் கணக்கைச் சூலையிலேயே போடுவதுதான் மென்பொருள் செய்யும் முதல் உதவி. நாள்தோறும் மூன்றரை மணி இவளால் இயலுமா என்பதைப் பெற்றோரும் மகளும் அப்போதே பேசி முடிவு செய்யலாம். இயலாது எனில் வரும் ஏப்ரலில் மூன்று பாடங்களை மட்டும் எழுதி, மற்ற இரண்டை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது வாரச் சுமை மூன்றரை இயல்களாகக் குறையும். விதி இதற்கு இடம் தருகிறது. ஆனால் இம்முடிவைப் பிப்ரவரியில், பாதிப் புத்தகம் கிடக்கும்போது எடுத்தால் அது தோல்வியாகத் தோன்றும். சூலையில் எடுத்தால் திட்டம். நாங்கள் சொல்ல வந்தவற்றுள் இதையே முதன்மையாகக் கருதுகிறோம்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு வருவோம். வீட்டுக்கல்விக்கென்றே கட்டணச் செயலிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் பல அமெரிக்கக் குடும்பங்களின் பாட முறையை ஒட்டியவை. நம் வீடுகளுக்கு அவை தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எக்செல் என்று பொதுவாக வழங்கும் விரிதாளும், திறன்பேசியில் ஏற்கெனவே உள்ள நாட்காட்டியும் போதும். விரிதாளுக்குக் கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்பை இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். சிற்றூர்களில் இந்த ஏற்பாடு தேவைப்படும். பலகையில் சீட்டுகளை நகர்த்துவது போன்ற காட்சியை விரும்பும் பிள்ளைகளுக்கு ட்ரெல்லோ பொருந்தும். ‘செய்ய வேண்டியவை’, ‘செய்துகொண்டிருப்பவை’, ‘முடிந்தவை’ என மூன்று பத்திகள். பணி முடிய முடியச் சீட்டு வலப்புறம் நகரும். டொயோட்டா தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களின் வரத்தைச் சீர்செய்யப் பயன்பட்ட கான்பான் அட்டை முறையிலிருந்து கிளைத்த வடிவம் இது.

விரிதாளில் ஆறு பத்திகள் வேண்டும். பாடம், பணி, எந்த வாரம், மதிப்பிட்ட நேரம், ஆன நேரம், நிலை. ‘பணி’ என்ற பத்தியில் ‘அறிவியல் படி’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘அறிவியல் ஏழாம் இயல், இறுதி வினாக்கள் 1 முதல் 8 வரை எழுதுதல்’ என்று எழுதினால்தான் முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியும். நாளையும் மணியையும் குறிக்காமல் வாரத்தை மட்டும் குறிப்பது நல்லது. திங்கள் ஒன்பது மணிக்குக் கணிதம் என்று எழுதிவைத்தால், மின்தடையோ விருந்தினரோ வந்த அன்றே அட்டவணை பொய்யாகிவிடும். பொய்யான அட்டவணையை எந்தப் பிள்ளையும் மதிப்பதில்லை. இந்த வாரத்துக்குரிய ஆறு இயல்கள் எவை என்பது உறுதி. எந்த நாளில் எது என்பது அவள் விருப்பம்.

மதிப்பிட்ட நேரம், ஆன நேரம் என்ற இரண்டு பத்திகளைப் பலர் வீண் எனக் கருதி நீக்கிவிடுவர். நீக்க வேண்டாம். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் இயல்பாகவே குறைத்து மதிப்பிடுகின்றனர் என்பதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் எழுதினர். முன்பு செய்த அதே வகை வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற பதிவைப் பார்ப்பதே அதற்கு மாற்று. ஒரு மாதப் பதிவு சேர்ந்தபின், கணித இயலுக்கு மூன்று மணி அன்று, ஐந்து மணி ஆகிறது என்பதும், தமிழுக்கு இரண்டே மணி போதும் என்பதும் விரிதாளில் தெரிந்துவிடும். அதன்பிறகு சோம்பல், கவனக்குறைவு என்ற சொற்கள் வீட்டில் குறையக்கூடும்.

ஞாயிறு மாலை இருபது நிமிடம் ஒதுக்கி, பெற்றோருள் ஒருவரும் பிள்ளையும் விரிதாளின் முன் அமர வேண்டும். முடிந்தவற்றுக்குப் பச்சை நிறமும் முடியாதவற்றுக்கு மஞ்சளும் தானே விழும்படி அமைத்துக்கொள்ளலாம். மென்பொருளின் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. முடியாத பணியை அடுத்த வாரத்துக்குத் தானாகவே நகர்த்தும் வசதி பல செயலிகளில் உண்டு. வசதிதான், ஆனால் மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஒரே வாரத்தில் பதினான்கு பணிகள் குவிந்திருக்கும். அதைக் கண்ட பிள்ளை செயலியைத் திறப்பதையே நிறுத்திவிடும். ஆகவே அந்த வசதியை அணைத்துவைக்கவும். நகர்த்துவது கையால் நடக்கட்டும். இரண்டு முறை நகர்ந்த பணி மூன்றாம் முறை நகரக் கூடாது. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது யாரிடமாவது கேட்டுப் புரிந்துகொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது வேண்டாம் என்று அடித்துவிட வேண்டும்.

முடியாமல் நின்ற பணியைக் குற்றமாகக் கருதாமல் படிப்பின் ஒரு படியாகவே வைக்கும் முறை பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, கணினி இல்லாமல், உருவானது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி கல்வி நிறுவனத்தைச் சார்ந்து, சுற்றுவட்டச் சிற்றூர்களுக்காக ஓராசிரியர் பள்ளிகள் 1980களில் தொடங்கப்பட்டன. பத்மநாப ராவ், ராமா இணையர் அப்பணியை முன்னின்று நடத்தினர். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்த வழியில்லை. எனவே பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசை ‘கற்றல் ஏணி’ என்ற படமாகச் சுவரில் தொங்கியது. பிள்ளை ஏணியில் தன் இடத்தைத் தானே கண்டு, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு ஆகியவற்றோடு, மதிப்பீட்டில் தடுமாறியவர்க்கான மீள்பயிற்சியும் ஏணியிலேயே ஒரு படியாக வைக்கப்பட்டிருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இதிலிருந்து கற்றுத் தொடங்கிய முறையே பின்னர் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. நம் வாசகர் பலரின் பிள்ளைகள் அந்த அட்டைகளைக் கையாண்டவர்களே.

அம்முறையிலிருந்து நம் விரிதாளுக்கு இரண்டைக் கொள்ளலாம். ‘நிலை’ என்ற பத்தியில் ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற இரண்டோடு ‘மீண்டும் செய்ய வேண்டும்’ என்ற மூன்றாவதையும் சேர்த்து, அதற்கென வாரத்தில் மூன்று மணி நேரம் காலியாக விடலாம். மற்றொன்று, ஏணியில் தன் இடத்தைப் பிள்ளையே காண்பது. விரிதாளைத் திருத்தும் உரிமை மகளிடம் இருக்கட்டும். பெற்றோருக்குப் பார்க்கும் உரிமை போதும். கோப்பைப் பகிரும்போதே இவ்வாறு அமைக்க முடியும். தாய் எழுதி மகள் நிறைவேற்றும் திட்டம் பத்து வயதில் செல்லும், பதினைந்து வயதில் செல்லாது. அவள் பச்சை நிறத்தைப் பொய்யாக இட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஞாயிறன்று முடிந்த பணிகளுள் ஒன்றை மட்டும் நோட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாள்தோறும் சோதிப்பது வேண்டாம்.

நாட்காட்டியில் ஏற்ற வேண்டியவை தவறவிடக் கூடாத நாள்கள் மட்டுமே. திறந்தநிலைப் பள்ளியில் ஆசிரியர் மதிப்பிடும் ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு எடை உண்டு. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும் என்ற நிலையில், இந்த இருபது எவ்வளவு பெரிது என்பதை வாசகர் அறிவர். ஒப்படைப்புகளின் இறுதி நாள் தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். தேர்வுக் கட்டணத்துக்கும் தனி இறுதி நாள் உண்டு. தாமதித்தால் கூடுதல் கட்டணம். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் நாள் வெளியானவுடன் நாட்காட்டியில் ஏற்றி, ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் ஒலிக்குமாறு அமைக்கவும்.

பணத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கட்டணச் செயலி ஒன்றை இலவச வெள்ளோட்டமாகத் தொடங்கினால், வெள்ளோட்டம் முடிந்ததும் உங்கள் அட்டையிலிருந்து சந்தா தானே பிடிக்கப்படக்கூடும். இவ்வாறு தொடர்ந்து பிடிக்கப்படும் தொகைக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ள வேண்டாம். வேண்டாத சந்தாவை அப்போதே நிறுத்தலாம். பகிர்ந்த விரிதாளில் கட்டணம் செலுத்திய நாளையும் தொகையையும் குறிக்கலாம். கடவுச்சொல், அட்டை எண், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் எழுதக் கூடாது. பத்து வயதுக்கு மேற்பட்ட சிறார் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க, வங்கிகள் வகுக்கும் வரம்புக்குள், ரிசர்வ் வங்கி இடம் தந்துள்ளது. தேர்வுக் கட்டணத்தை மகளே தன் கணக்கிலிருந்து செலுத்தி, விரிதாளில் அந்த வரிக்குத் தானே பச்சை நிறம் இடலாம்.

வெதுருகுப்பத்து வீட்டுக்கு மீண்டும் வருவோம். சனவரியில் சங்கராந்தியும் வெல்ல அடுப்பும் ஒப்படைப்பு வேலையும் ஒன்றாக வந்து நிற்கும். ஆகவே ஐந்து ஒப்படைப்புகளையும் நவம்பர், டிசம்பர் மாதங்களின் வாரங்களுக்கு இப்போதே பிரித்து எழுதிவிடலாம். அந்த வாரங்களில் இயல்களின் எண்ணிக்கையை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த இயல்கள் எந்த வாரத்துக்குப் போகின்றன என்பதை விரிதாளில் அவள் முடிவு செய்வாள்.