புது சைலன்சர் மாட்டும்போது அந்தப் பழைய பம்ப்பைக் கழட்டலாமா?

பழைய கார் ரெஸ்டோர் பண்ற வீடியோ பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா, இந்தக் காட்சி கண்டிப்பா கண்ணில் பட்டிருக்கும். அமெரிக்காவில் ஒருத்தர் 1970-களில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்குவார். துருப்பிடிச்ச சைலன்சரைக் கழட்டுவார். கூடவே இன்ஜின்ல ஒட்டிக்கிட்டிருக்கிற ஒரு பம்ப், நாலஞ்சு ஹோஸ், ரெண்டு மூணு வால்வு எல்லாத்தையும் பிடுங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போடுவார். "இதெல்லாம் பவரைக் குடிக்கிற சாமான்" என்று ஒரு டயலாக். புது எக்சாஸ்ட் ஏறும், சத்தம் கணீர்னு வரும், வீடியோ முடியும்.

அந்தப் பெட்டிக்குள்ள போன சாமான் அதுவரைக்கும் என்ன வேலை பார்த்துச்சு? அதைக் கழட்டினா நிஜமாவே பவர் கூடுமா? ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல நாம படிச்ச விஷயங்களை வச்சே இதுக்குப் பதில் சொல்லிடலாம். உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கலாம்: எம்ஜிபி.

ஏன் எம்ஜிபி?

1962-லிருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இது. 1798 சிசி, நாலு சிலிண்டர். மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போச்சு. அதே இன்ஜின் பிரிட்டனில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் வேற மாதிரி ஓடுச்சு. அதனால புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கார் கிடைக்காது.

இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1940-கள்லயே பழுப்பு நிறப் புகைமூட்டத்தில் மாட்டிக்கிச்சு. கண் எரியும், தொண்டை கரகரக்கும். கால்டெக்கில் இருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் இதோட காரணத்தைக் கண்டுபிடிச்சார். வண்டிகளும் ஆலைகளும் விடற எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிஞ்சு ஓசோன் மாதிரி எரிச்சல் தர்ற பொருட்களா மாறுது.

அதுக்கப்புறம் விதிகள் ஒண்ணொண்ணா வந்துச்சு. 1961-ல் கலிஃபோர்னியா, கிராங்க்கேஸ் ஆவியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளயே அனுப்பற பிசிவி ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1966-ல் அங்கே புகைக்குழாய்க்கே வரம்பு வந்துச்சு. 1968-ல் அது நாடு முழுக்கப் பரவியது. 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல்களிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், நம்ம பாஷையில் 'கேட்-கான்', பரவலாச்சு.

முக்கியமான விஷயம் என்னன்னா, அப்போ இசியூ கிடையாது, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனும் அபூர்வம். கார்புரேட்டர் வச்ச பழைய இன்ஜினையே வச்சுக்கிட்டு, மேல மேல சாமான் மாட்டி சமாளிச்சாங்க. அதனாலதான் பானெட்டைத் திறந்தா ஹோஸ் காடு மாதிரி இருக்கு.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

ஏர் பம்ப்: பெல்ட்டில் சுத்தும். வெளிக்காற்றை எடுத்து சிலிண்டர் ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில் செலுத்தும். எரியாம வெளிய வர்ற ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் சூடா இருக்கும்போதே அந்தக் காற்றில் எரிஞ்சு முடிஞ்சிடும். கேட்-கான் இருக்கிற மாடலில், அதுக்குத் தேவையான ஆக்சிஜனையும் இந்தப் பம்ப்தான் கொடுக்குது. பம்ப் இன்ஜினிடமிருந்து எடுத்துக்கிற பவர் ரொம்பக் கொஞ்சம். நல்லா இருக்கிற பம்ப்பைக் கழட்டினா ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது.

கழட்டினா ஒரு வேலை கூடும். ஹெட்டில் அந்தக் காற்று போன துளைகள் திறந்து கிடக்கும். சரியான த்ரெட்டில் பிளக் போட்டு அடைக்கலேன்னா எக்சாஸ்ட் அது வழியாவே வெளிய அடிக்கும்.

கல்ப் வால்வ்: பேர்தான் விசித்திரம், வேலை அருமை. வேகமாப் போகும்போது திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா, இன்டேக் மேனிஃபோல்டில் வேக்யூம் எகிறும். சுவரில் ஒட்டியிருக்கிற பெட்ரோல் மொத்தமா உரிஞ்சு உள்ள போகும். மிக்ஸ்சர் ரொம்ப ரிச் ஆகி, எரியாமலே எக்சாஸ்ட்டுக்கு வரும். அங்கே பம்ப் அனுப்பற காற்று காத்துக்கிட்டிருக்கும். ரெண்டும் சேர்ந்தா தீபாவளிதான். இதைத் தடுக்க, அந்த நொடியில் ஒரு மடக்கு காற்றை இன்டேக்குக்குள்ள விட்டு மிக்ஸ்சரைச் சரிபண்றது இந்த வால்வு. பம்ப்பை விட்டுட்டு இதை மட்டும் கழட்டினா பட்டாசு நிச்சயம். ரெண்டையும் கழட்டிட்டு மேனிஃபோல்டில் இதோட ஹோஸ் வந்த வாயை மூட மறந்தா, அது வழியா காற்று புகுந்து மிக்ஸ்சர் லீன் ஆகும், ஐடிலிங் ஆடும்.

ஈஜிஆர் வால்வ்: கொஞ்சம் எக்சாஸ்ட் வாயுவைத் திரும்ப இன்டேக்குக்குள்ள விடும். எரியும் வெப்பநிலை குறையும், அதனால நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். "பவரைக் குடிக்குது" என்று அதிகமாத் திட்டு வாங்கறது இதுதான். ஆனா ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா ஈஜிஆர் மூடிக்கும். பாதி மிதியில், நிதானமாப் போகும்போதுதான் வேலை செய்யும். அதனால உச்ச பவரில் இதுக்குப் பங்கே இல்ல. மாறா, ஈஜிஆர் இருக்கும்னு நினைச்சு செட் பண்ணின இக்னிஷன் டைமிங்கை அப்படியே விட்டுட்டு இதை மட்டும் அடைச்சா, பாதி மிதியில் நாக்கிங் வர வாய்ப்பு இருக்கு.

கார்பன் கேனிஸ்டர்: கரி நிரப்பின ஒரு டப்பா. டேங்க்கில் உண்டாகிற பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வச்சு, இன்ஜின் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும். எக்சாஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனாலும் "சுத்தம் பண்றேன்" என்று இதையும் கழட்டறாங்க. சிக்கல் என்னன்னா, இந்த மாடல்களில் டேங்க் மூடி காற்றுப் புகாதது. டேங்க் மூச்சு விடறதே இந்த டப்பா வழியாத்தான். அந்தக் குழாயை அடைச்சிட்டா, பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள்ள வேக்யூம் உண்டாகும். கொஞ்ச தூரம் நல்லா ஓடின கார் திடீர்னு பெட்ரோல் கிடைக்காம நிக்கும். மூடியைத் திறந்தா 'உஸ்'னு காற்று உள்ள போகும், மறுபடி ஓடும். காரணம் தெரியாம கார்புரேட்டரைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவாங்க. இதோட எம்ஜிபியில் கிராங்க்கேஸுக்குச் சுத்தமான காற்று போறதும் இதே கேனிஸ்டர் வழியாத்தான்.

கேட்-கான்: தேன்கூடு மாதிரி துளைகள் இருக்கிற பீங்கான், மேல பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு. அந்தக் காலத்து வகை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரிக்கும், நைட்ரஜன் ஆக்சைடைத் தொடாது. நல்ல நிலையில் இருந்தா தடை குறைவுதான். ஆனா இன்ஜின் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல் இதுக்குள்ள வந்து எரிஞ்சா பீங்கான் உருகி அடைச்சுக்கும். அப்போ பவர் நிஜமாவே போகும். அதுக்கு மருந்து, மிஸ் ஆகிற காரணத்தைச் சரிபண்ணி, புது கேட் போடறது.

அப்போ பவர் எங்கதான் போச்சு?

ஆரம்பகால எம்ஜிபிக்கு 95 குதிரைத்திறன்னு சொன்னாங்க. 1975-க்கு அப்புறம் வந்த அமெரிக்க மாடலுக்கு 62.5. மூணில் ஒரு பங்கு காணோம்! முதல்ல ஒண்ணு: 1972 வாக்கில் அமெரிக்காவில் பவர் அளக்கிற முறையே மாறுச்சு. ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் மாட்டி அளக்க ஆரம்பிச்சாங்க. அதனால பழைய எண்ணையும் புது எண்ணையும் நேரடியா ஒப்பிட முடியாது.

மிச்ச இழப்பு பெரும்பாலும் இன்ஜினுக்குள்ளயும் கார்புரேட்டரிலும்தான் இருக்கு. கம்ப்ரஷன் ரேஷியோ 8-க்கு இறங்குச்சு. ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரே ஒரு ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் வந்துச்சு. மிக்ஸ்சரையும் இக்னிஷன் டைமிங்கையும் புகை குறையற மாதிரி மாத்தி வச்சாங்க. ஓட்டோ சைக்கிள் எஃபிஷியன்ஸி ஃபார்முலாவை ஞாபகப்படுத்திக்கோங்க: கம்ப்ரஷன் குறைஞ்சா எஃபிஷியன்ஸி குறையும். பம்ப்பைக் கழட்டி அட்டைப்பெட்டியில் போட்டா கம்ப்ரஷன் ஏறிடுமா? ஏறாது. நாம கழட்டறது கண்ணுக்குத் தெரியற சாமானை. பவர் போனது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இன்னொரு பொறியும் இருக்கு. இந்த மாடல்களில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. ஹெடர் பைப் மாட்டணும்னா அதை மாத்தணும், அதை மாத்தினா கார்புரேட்டரையும் மாத்தணும். சைலன்சர் வேலைன்னு ஆரம்பிச்சது பாதி இன்ஜின் வேலையா முடியும்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டுச் சாமானைக் கழட்டறதோ செயலிழக்க வைக்கறதோ தடை. கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதுக்கு முந்தின மாடல் பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் செக் கிடையாது. 1976 மாடலிலிருந்து உண்டு. அதில் புகையை மட்டும் அளக்க மாட்டாங்க, சாமான் எல்லாம் இருக்கான்னு கண்ணாலயும் பார்ப்பாங்க. 1980 எம்ஜிபியில் பம்ப் இல்லேன்னா, புகை சுத்தமா வந்தாலும் ஃபெயில். 1975-க்கு முந்தின காருக்குக்கூட டெஸ்ட்டில் இருந்துதான் விலக்கு, கழட்டறதுக்கு அனுமதி இல்ல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சரி, சைலன்சர் மாத்தியே ஆகணும்னா?

முதல் வழி, கேட்-கானுக்குப் பின்னாடி இருக்கிற பைப்பும் சைலன்சரும் மட்டும் மாத்தறது. துருப்பிடிச்சு ஓட்டை விழறது பெரும்பாலும் அங்கதான். சத்தமும் மாறும், சட்டச் சிக்கலும் வராது.

ரெண்டாவது, எதைத் தொடறதுக்கும் முன்னாடி போட்டோ எடுங்க. ஒவ்வொரு ஹோஸுக்கும் ரெண்டு முனையிலும் நம்பர் ஒட்டுங்க. அம்பது வருஷ ரப்பர் தொட்டாலே உடையும். விரிசல் விட்ட ஹோஸை மாத்தினாலே "ஓடவே மாட்டேங்குது" என்ற பாதிக் குறை தீரும்.

மூணாவது, புது எக்சாஸ்ட் மாட்டினதும் ஜாயின்ட், கேஸ்கெட் எல்லாம் லீக் பாருங்க. ஜாயின்ட் வழியா காற்று உள்ள புகுந்தாலும் அதே பட்டாசுச் சத்தம் வரும், பழி பாவம் பம்ப் மேல விழும். அப்புறம் மிக்ஸ்சரையும் டைமிங்கையும் செட் பண்ணுங்க.

நாலாவது, அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க.  காரை வாங்கப்போற அடுத்த ஆளுக்கு அதுதான் டெஸ்ட் பாஸ் ஆக ஒரே வழியா இருக்கலாம்.

"எம்ஜிபிக்கு நான் எங்க போவேன்?" என்று கேக்கறீங்களா? உங்க பைக்கில் பாருங்க. நம்ம ஊர் பைக் பலதிலும் இதே ஏர் இன்ஜெக்‌ஷன் இருக்கு. பம்ப் இல்லாம, எக்சாஸ்ட் துடிப்பிலேயே காற்றை உறிஞ்சிக்கும், அவ்ளோதான் வித்தியாசம். வெளியில் வாங்கின சைலன்சர் மாட்டினதும், ஆக்சிலரேட்டரை விட்டா 'டப் டப்'னு வெடிக்குதே, அதோட தியரி மேல படிச்ச கல்ப் வால்வ் கதைதான். அந்த சைலன்சரோட சேர்ந்து கேட்-கானும் போயிருந்தா, பின்னாடி சிக்னல்ல நிக்கறவர் மூச்சுக்குள்ள என்ன போகுதுன்னு லாஸ் ஏஞ்சலஸ்காரங்களுக்கு நல்லாத் தெரியும்.