நோய்ப் படுக்கையில் பிறந்த பாடல்கள்

வேலையற்றோருக்கான பயிற்சி நெறி என்றதும் எம்மில் பலருக்குத் தையலும் கேக் ஐசிங்கும்தான் நினைவுக்கு வரும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990களின் நடுப்பகுதியில் அரச உதவியுடன் நடந்த ஒரு பயிற்சி நெறியோ வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்கானது. பெயர் 'பீற்பொக்ஸ்'. அங்கே சந்தித்துக்கொண்ட இருவரிலிருந்து தொடங்கியதுதான் 'பெல் அன்ட் செபஸ்தியன்' என்ற இசைக்குழு. ஒரு சிறுவனையும் அவனது நாயையும் பற்றிய பிரெஞ்சுச் சிறுவர் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. அக்குழுவின் முதல் இசைத்தட்டான 'ரைகர்மில்க்' பற்றிச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பாட்டு இனிமையானது என்பதற்காக மட்டுமல்ல. அப்பாடல்களை எழுதியவர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் எந்த வேலைக்கும் போக முடியாமல் நோயில் கிடந்தவர்.

அவர் பெயர் ஸ்ருவேட் மேர்டொக். 1968இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் வயதிலே, 1980களின் இறுதியில், நீடித்த களைப்பு நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. இது சாதாரண அலுப்பு அல்ல. உறங்கி எழுந்தாலும் தீராது. சிறிது வேலை செய்தாலும் அதற்கான தண்டனை மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து சேரும். உலக சுகாதார நிறுவனம் 1969இலேயே இதை நரம்புமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆயினும் இதுதான் நோய் என்று காட்டித்தர ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஆகவே நம்புவார் குறைவு. 1980களில் பிரித்தானியப் பத்திரிகைகள் இதற்கு 'வசதியான இளசுகளின் தடிமன் காய்ச்சல்' என்ற பொருளில் ஒரு கேலிப்பெயரே சூட்டியிருந்தன. நோயாளிகளில் பெண்களே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். "உனக்கு ஒன்றுமில்லை, மனதைத் திடப்படுத்து" என்ற சொல்லைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பல காலம் சொல்லப்பட்டு வந்தது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான 'நைஸ்' அந்த ஆலோசனையை 2021இல்தான் கைவிட்டது.

(களைப்பெல்லாம் இந்த நோய் என்று எண்ணிவிடவும் கூடாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு போன்றவையும் இப்படித்தான் ஆளை வீழ்த்தும். மாதக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் பரிசோதிப்பதே நல்லது.)

நண்பர்கள் படித்து முடித்து வேலைக்குப் போக, மேர்டொக் வீட்டோடு இருந்தார். அந்தத் தனிமையில்தான் பியானோவின் முன் அமர்ந்து பாட்டுக் கட்டத் தொடங்கினார். ஓரளவு தேறியபின் கிளாஸ்கோவில் ஒரு தேவாலய மண்டபத்தின் பராமரிப்பாளராக வேலை பார்த்து, அங்கேயே மாடியில் தங்கி, பாடகர் குழுவிலும் பாடினார். பயிற்சி நெறியில் சந்தித்த ஸ்ருவேட் டேவிட்டுடன் சேர்ந்து சில பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். அவை ஸ்ரோ கல்லூரியின் இசை வணிக வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்டுதோறும் ஒரு குழுவின் பாடலைத் தட்டாக வெளியிடுவது அந்த வகுப்பு மாணவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதி. அதற்கென்றே 'இலக்ரிக் ஹனி' என்ற சிறு வெளியீட்டகமும் அவர்களிடம் இருந்தது. பொறுப்பாக இருந்தவர் அலன் ரங்கின், முன்னர் தாமே பிரபல குழுவொன்றில் வாசித்தவர். வழக்கமாக ஒரு பாடலோடு நின்றுவிடும் வேலை இம்முறை நிற்கவில்லை. மேர்டொக்கிடம் முழுத்தட்டுக்குப் போதிய பாடல்கள் இருந்தன. அத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்தவை அல்லவா!

மூன்றே நாட்களில் பத்துப் பாடல்களும் ஒலிப்பதிவாயின. செலோ வாசித்தவர் இசபெல் கம்பெல் என்ற இளம்பெண். 1996 யூன் மாதம் 1,000 தட்டுகள் மட்டும் வெளிவந்தன.

ரைகர்மில்க் என்றால் புலிப்பால். அட்டைப் படத்தில் ஒரு பெண் பொம்மைப் புலிக்குப் பாலூட்டுகிறாள். சிலருக்கு முகஞ்சுளிக்க வைக்கும் படம்தான். எனக்கென்னவோ ஐயப்பன் கதை நினைவுக்கு வந்தது. அங்கே அரசி இல்லாத நோயைச் சொல்லிப் புலிப்பால் கேட்டாள். இங்கே உள்ள நோயை யாரும் நம்பவில்லை.

இனிப் பாடல்கள். மெல்லிய குரல், கிற்றார், செலோ, இடைக்கிடை ஒரு ட்ரம்பெற். யாரோ பக்கத்து அறையில் தமக்குள்ளே பாடுவதுபோல் இருக்கும். ஆங்கிலச் சொற்களை அகராதியோடு இருந்துதான் விளங்கிக்கொண்டேன். அப்படிப் பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது 'எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' என்ற இரண்டாவது பாடல். அதன் பொருள் 'எதிர்பார்ப்புகள்'. பாடசாலையில் எல்லோரும் விசித்திரமானவள் என்று சொல்லும் ஒரு மாணவி. ஒரு பெரிய கடையில் உள்ளாடைப் பகுதியில் விற்பனைப் பெண்ணாகச் சேர்வதே அவளிடம் எதிர்பார்க்கப்படுவது. அவளுக்கோ தன் கலைக்காக நினைக்கப்பட வேண்டுமென்று ஆசை. தனக்குப் பிடித்த இசைக்குழுவினரை ஆளளவு உருவங்களாகக் களிமண்ணில் செய்துகொண்டிருக்கிறாள். பாட்டு அவளைப் பரிகசிக்கவில்லை, அவளுக்குப் புத்திமதியும் சொல்லவில்லை. இத்தட்டின் பெண்கள் பலர் அப்படித்தான், குறை நிறையோடு வந்து போகிறார்கள். ஐந்தாவது பாடலை மட்டும் என்னால் இரசிக்க முடியவில்லை. மின்னியக்க ஓசையும் தொலைபேசிக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரலுமாக அது மற்றவற்றோடு ஒட்டவில்லை.

அந்த 1,000 தட்டுகளும் தீர்ந்தன. குழு புகழடைந்தபின் சேகரிப்பாளர்கள் ஒரு பிரதிக்குப் பல நூறு ஸ்ரேலிங் பவுண் கொடுத்தனர். 1999இல் 'பிரிற்' விருது விழாவில் சிறந்த புதுமுகம் என்ற விருது அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு இசைத்தட்டு மீண்டும் வெளியாகி இறுவட்டாகவும் வந்தது. இசபெல் 2002இல் விலகிவிட்டார். மேர்டொக்கை நோய் முற்றாக விட்டுவிடவில்லை. அந்த ஆண்டுகளை வைத்து அவர் எழுதிய நாவல் 2024இல் வெளிவந்தது.

இசைத்தட்டின் கடைசிப் பாடல் 'மேரி ஜோ'. தனியாக வாழும் ஒரு பெண் வீடு திரும்பித் தேநீர் குடித்தபடி இருக்கிறாள். மெலிந்திருக்கிறாள். அவள் கையில் ஒரு புத்தகம். அதன் பெயர், இதே தட்டின் முதற் பாடலின் பெயர்.